ஒரு 'அல்லது' காப்பாற்றிய கல்யாணங்கள்

நம்ம திருவண்ணாமலையில முகூர்த்த நாள் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். கோயில் வாசல்ல மாலையும் கழுத்துமா ஜோடி ஜோடியா நிப்பாங்க. தாலி கட்டி, மாலை மாத்தி, போட்டோ எடுத்தா முடிஞ்சது. அக்கினியைச் சுத்தி ஏழு அடி வைக்கிறது நிறைய குடும்பங்கள்ல வழக்கமே இல்லை. அப்போ சட்டம் எதைக் கல்யாணம்னு சொல்லுது? பழைய தீர்ப்புகளைப் புரட்டினா பதில் கிடைக்கும்.

1928-ல அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்துல பெரியார் தலைமையில ஒரு கல்யாணம் நடந்தது. புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை. சுயமரியாதைத் திருமணங்கள்ல முதலாவதுன்னு சொல்றது அதைத்தான். அதுக்கப்புறம் இந்த மாதிரி கல்யாணச் செய்திகள் 'குடிஅரசு' இதழ்ல தொடர்ந்து வந்துச்சு. அதாவது அச்சிட்ட சாட்சியம் இருந்தது. ஆனா அதை ஏத்துக்கிற சட்டம்தான் இல்லை.

இதோட விலை 1953-ல தெரிஞ்சது. தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் வழக்கு. 1934-ல நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம், சொத்துத் தகராறுல சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. சாஸ்திரச் சடங்கு நடக்கலை. சில வருஷப் பழக்கம் நீண்டநாள் வழக்கம் ஆகாது. அதனால கல்யாணம் செல்லாது. இதுதான் தீர்ப்பு. ஊரறிய மனைவியா வாழ்ந்த பெண், சட்டத்தின் கண்ணுல மனைவி இல்லை.

அண்ணா முதல்வரான 1967-ல இந்து திருமணச் சட்டத்துல 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் 1968 ஜனவரியில வந்தது. உறவினர், நண்பர் அல்லது வேற யாராவது முன்னிலையில, ரெண்டு பேருக்கும் புரியற மொழியில கணவன் மனைவியா ஏத்துக்கிறோம்னு சொல்லணும், அல்லது மாலையோ மோதிரமோ போட்டுக்கணும், அல்லது தாலி கட்டணும். கோடு எழுதிப் பிழைக்கிற எனக்கு இதுல முதல்ல கண்ணுல பட்டது அந்த 'அல்லது'தான். அந்த இடத்துல 'மற்றும்' வந்திருந்தா தாலி வேண்டாம்னவங்க எல்லாரும் வெளியில நின்னிருப்பாங்க.

இன்னொரு விஷயம், இது பின்தேதியிட்டும் செல்லும். ஏற்கெனவே நடந்த கல்யாணங்களும், சில விதிவிலக்கு போக, நடந்த நாளிலிருந்தே செல்லுபடி.

2001-ல உச்ச நீதிமன்றத்துக்கு வந்த நாகலிங்கம் எதிர் சிவகாமி வழக்கைப் பாருங்க. மனைவி இருக்கும்போதே கணவர் திருத்தணியில இன்னொரு பெண்ணுக்குத் தாலி கட்டினார்னு புகார். ஏழு அடி வைக்கலை, அதனால அது கல்யாணமே இல்லை, இருதார மணக் குற்றமும் இல்லைங்கிறது அவர் தரப்பு வாதம். நீதிமன்றம் ஏத்துக்கலை. 7ஏ படி தாலியும் மாலையும் போதும்னு சொல்லிடுச்சு. 1953-ல சடங்கு இல்லைங்கிற காரணம் ஒரு பெண்ணைக் கைவிட்டது. அதே காரணத்தைச் சொல்லித் தப்பிக்க முடியாதபடி 2001-ல இன்னொரு பெண்ணுக்கு இந்தப் பிரிவு துணை நின்னது.

ஆனா கல்யாணம் நடந்ததைக் காட்ட ஆதாரம் வேணுமே. 2009 சட்டப்படி தமிழ்நாட்டுல திருமணப் பதிவு கட்டாயம். 90 நாளுக்குள்ள போய்ப் பதிஞ்சிடுங்க. வீட்டுல தாத்தா பாட்டி கல்யாணப் பத்திரிகை இருந்தா பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடாதீங்க. அதுவும் ஒரு ஆவணம்தான். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.