சுடுதண்ணீர்க் கணக்கு
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியரை மேடையேற்றினால் சீனி வருத்தத்தைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். இன்று நாம் சுடுதண்ணீரைப் பற்றிப் பேசுவோம்.

நுவரெலியாக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளிக்கும் துணிவு நம்மில் பலருக்கு இப்போது இல்லை. 15 பாகையில் இருக்கும் 100 லீற்றர் தண்ணீரை, அதாவது ஐந்தாறு வாளியை, 45 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ மூன்றரை யூனிட் மின்சாரம் வேண்டும். மாதத்துக்கு நூறு யூனிட்டைத் தாண்டும். கூரையில் சூரிய வெந்நீர்த் தொட்டி வைத்தால் இதில் பெரும்பங்கு மிச்சம். மழைக்கால மூட்டத்தில் மட்டும் மின்சாரத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மின்சாரம் தரும் சோலார் தகடுகளுக்குக் குளிர் எதிரி அல்ல. வெயில் இருந்தால் குளிரில் இன்னும் நன்றாகவே வேலைசெய்யும். 2016இல் 'சூரிய பல சங்கிராமய' தொடங்கியபோது 20 வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள். சபைக்கு விற்கும் யூனிட்டுக்கு முதல் 7 வருடம் 22 ரூபா, பிறகு 15.50 ரூபா. புதிதாகச் சேர்வோருக்கான விலை பின்னர் மாறிவிட்டது. ஆகவே விற்று வரும் காசை விட, வாங்காமல் மிச்சமாகும் காசை வைத்தே கணக்குப் பாருங்கள். இன்னொன்று: 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது, பற்றரி இல்லாத சோலார் வீடுகளும் இருட்டில்தான் இருந்தன. சபையின் கம்பியில் மின்சாரம் நின்றால், அதில் வேலைசெய்யும் ஊழியரின் பாதுகாப்புக்காக இன்வேர்ட்டரும் நின்றுவிடும்.

இந்த இலாபமெல்லாம் கூரை சொந்தமானவருக்கே. லயக் கூரையோ தோட்டத்துக்குச் சொந்தம். அங்கிருந்து இந்தப் பாடசாலைக்கு வரும் பிள்ளைகளின் அம்மாமார் இன்னும் விறகில்தான் தண்ணீர் காய்ச்சுகிறார்கள். அந்தப் புகைதான் இருமலாகவும் இழுப்பாகவும் நம்மிடம் வருகிறது. 7 பேர்ச்சஸ் காணியில் வீடு கிடைத்தவர்களும் சோலார் கடனுக்குப் போனால், வங்கி முதலில் கேட்பது உறுதிப்பத்திரத்தை. நம் சங்கத்தில் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். பிரதேச செயலகத்தில் வேலைசெய்தவர்களும் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்தப் பெற்றோருக்குப் பத்திர வேலையில் உதவ முடியாதா? வெளிநாட்டிலிருந்து வரும் காசோலையை விட அது அவசரமான உதவி என்று நினைக்கிறோம்.

காசோலை அனுப்புபவர்களுக்கும் வேலை உண்டு. நம் விடுதிக்கு ஒரு வெந்நீர்த் தொட்டி. 300 லீற்றர் தொட்டியில் தண்ணீரே 300 கிலோ; மரச்சட்டங்கள் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். கூரை அஸ்பெஸ்டஸ் என்றால், பிள்ளைகள் விடுதியில் இருக்கும் நாளில் ஒரு துளைகூடப் போட விடமாட்டோம்.