பூட்ட வேண்டிய கட்டங்கள்

(ஆமத்தூரில் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



பலர் சேர்ந்து நிரப்பும் விரிதாளில், மாறக்கூடாத கட்டங்களை எப்படிப் பூட்டி வைப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. அதைச் செய்யாமல் விட்டு நான் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலுக்காக ஒரு கூகுள் ஷீட் தயாரித்து, வகுப்பாசிரியர்களுக்கு வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினேன். லிங்க் கிடைத்தவர் யாரும் திருத்தலாம் என்று விட்டிருந்தேன். ஒருவர் வயதைச் சரிபார்க்க, பிறந்த தேதிப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திவிட்டார். தேதிகள் இடம் மாறின. பெயர்கள் அப்படியே நின்றன. காலிக் கட்டமும் இல்லை, பிழைக் குறியும் இல்லை. அச்செடுத்த பட்டியலைப் பார்த்துக் கையெழுத்திட வந்த ஒரு தாய்தான் கண்டுபிடித்தார். “ஆடி மாசம் பொறந்த பிள்ளை சார் இவன். டிசம்பர்னு போட்டிருக்கே?”

அவர் கேட்காவிட்டால் அந்தத் தேதி மதிப்பெண் சான்றிதழுக்கே போயிருக்கும். நம் பகுதியில் அதற்குத் தனி எடை உண்டு. சுற்றிலும் பட்டாசு ஆலைகள். 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, 18 வயது நிறையாதவரை வெடிபொருள் சார்ந்த வேலையில் அமர்த்தக் கூடாது. ஒரு பிள்ளையின் வயதில் சந்தேகம் எழுந்தால், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் முதலில் பார்க்கச் சொல்வது பள்ளியின் பிறந்த தேதிச் சான்றையோ பத்தாம் வகுப்புச் சான்றிதழையோதான்.

கூகுள் ஷீட்டில் வழி எளிது. மாறக்கூடாத பத்திகளைத் தேர்ந்தெடுத்து, ‘டேட்டா’ மெனுவில் ‘புரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ்’ என்பதைத் திறந்து, யார் திருத்தலாம் என்று குறிப்பிடுங்கள். வெறும் எச்சரிக்கை மட்டும் காட்டும் வசதியும் உண்டு. அது தடுக்காது, நினைவூட்டும். வரிசைப்படுத்திப் பார்க்க விரும்புவோர் ‘ஃபில்டர் வியூ’ பயன்படுத்தட்டும். அந்த மாற்றம் மற்றவர்களின் தாளைக் குலைக்காது.

எக்செல்லில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அங்கே எல்லாக் கட்டங்களும் தொடக்கத்திலேயே ‘லாக்டு’தான், ஆனால் ஷீட்டைப் பாதுகாக்கும் வரை அந்தப் பூட்டு வேலை செய்யாது. எனவே முதலில் மற்றவர்கள் நிரப்ப வேண்டிய கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, ‘ஃபார்மட் செல்ஸ்’ பெட்டியின் ‘புரொடெக்‌ஷன்’ பகுதியில் ‘லாக்டு’ டிக்கை எடுங்கள். பிறகு ‘ரிவ்யூ’ மெனுவில் ‘புரொடெக்ட் ஷீட்’ கொடுங்கள். மொத்தம், சராசரி கணக்கிடும் சூத்திரக் கட்டங்கள் பூட்டியே இருக்கட்டும். சூத்திரத்தின் மேல் ஒருவர் எண்ணைத் தட்டிவிட்டால், அதன்பின் மதிப்பெண்ணைத் திருத்தினாலும் மொத்தம் மாறாது. கடவுச்சொல்லைத் தலைமையாசிரியரிடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். நீங்கள் மாறுதலில் போன பின் வருபவர் திண்டாடக் கூடாது.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தப் பூட்டு கைபடாமல் காக்கும், கண்ணிலிருந்து மறைக்காது. பூட்டிய கட்டத்தையும் படிக்கலாம், நகலெடுக்கலாம். ஆகவே ஆதார் எண், பெற்றோரின் கைப்பேசி எண் போன்றவை பொதுத் தாளில் இருக்கவே வேண்டாம். லிங்க்கையும் உரியவர்களுக்கு மட்டும் திறந்து வையுங்கள்.

எங்களைக் கடைசியில் காப்பாற்றியது ‘வெர்ஷன் ஹிஸ்டரி’. முந்தைய நாள் பதிப்பை நகலெடுத்து, தேதிகளைச் சேர்க்கைப் பதிவேட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். ஒரு மாலைப் பொழுது முழுதும் போனது. வரிசைப்படுத்திய ஆசிரியர் அன்று தலைநிமிரவே இல்லை. தவறு அவருடையதல்ல; திறந்து போட்டது நான்.

“பூட்டினால் என்னை நம்பவில்லையா என்று கேட்பார்களே?” என்பார்கள். பட்டாசு ஆலையில் கலவை அறைக்குள் யார் போகலாம், எத்தனை பேர் இருக்கலாம் என்று வரம்பு உண்டு. வெளியே நிற்பவரை நம்பாததால் வைத்த வரம்பு அல்ல அது. அவருக்கும் சேர்த்துத்தான். நாளை பள்ளிக்குப் போனதும் உங்கள் தாளைத் திறந்து, பிறந்த தேதிப் பத்தியை முதலில் பூட்டுங்கள்.