பிறஷர்க் குளிசையும் நாக்கு வீக்கமும்

எனலாப்ரில், லிசினோப்ரில், கப்டோப்ரில் ஆகிய பிறஷர்க் குளிசைகள் ஒரே குடும்பத்தவை. பெயரின் வாலில் ‘ப்ரில்’ என்று வரும். இவற்றைக் குடிப்போரில் ஆயிரத்துக்கு ஒருவர் முதல் ஏழு பேர் வரை உதடு, நாக்கு, தொண்டை திடீரென வீங்கும் ஆபத்துக்கு உள்ளாகின்றனர்.

இந்த வீக்கத்தின் வேரைத் தேடினால் பிரேசில் நாட்டுப் பாம்பொன்றில் போய் நிற்கும். ஜரராக்கா என்ற குழிவிரியனின் நஞ்சு இரத்தத்தில் கலந்ததும் பிராடிகைனின் என்ற பொருள் பிறப்பதை மவுரிசியோ ரோச்சா இ சில்வா குழுவினர் 1949இல் அறிவித்தனர். இரத்தக் குழாய்களை விரித்து அழுத்தத்தைத் தாழ்த்துவது அதன் வேலை. அதை அழியவிடாமல் காக்கும் பொருளும் அதே நஞ்சில் இருப்பதை 1965இல் செர்ஜியோ ஃபெரெய்ரா காட்டினார். அந்தத் தடத்தில் 1975இல் கப்டோப்ரில் பிறந்தது.

பிராடிகைனினைச் சிதைக்கும் நொதியத்தை இக்குளிசைகள் தடுக்கின்றன. சிலரின் உடலில் பிராடிகைனின் மிஞ்சிப்போய், குழாய்ச் சுவர் வழியே நீர் கசிந்து சதை ஊதிவிடுகிறது. ஒவ்வாமை போலத் தோன்றினாலும் கடியோ தடிப்போ இராது. ஒவ்வாமை ஊசிகளும் பெரும்பாலும் பலன் தருவதில்லை. குளிசை தொடங்கிய வாரத்திலும் வீக்கம் வரலாம், ஆண்டுகள் பல கடந்தும் வரலாம். வெற்றிலைத் தோட்டங்கள் நிறைந்த களுதாவளையில் வாய் வீங்கினால் சுண்ணாம்பின்மேலோ, முந்திய இரவு சாப்பிட்ட இறாலின்மேலோதான் முதலில் சந்தேகம் போகும். வருடக்கணக்கில் பழகிய குளிசையை யாரும் நினைப்பதில்லை. பொன்னான நேரம் அங்கேதான் கரைகிறது.

வேறு குடும்பத்துப் பிறஷர்க் குளிசையான அம்லோடிபினால் கணுக்கால் வீங்குவது வேறு விடயம். அது மூச்சை அடைப்பதில்லை, அடுத்த கிளினிக்கில் சொன்னால் போதும்.

நாக்கு தடித்தாலோ, குரல் மாறினாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ காத்திருக்கக் கூடாது. 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும்; களுதாவளைக்குக் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை பக்கத்திலேயே உள்ளது. மூச்சுப்பாதையைக் காப்பதே அங்கு முதல் வேலை. குளிசையை நிறுத்தினால் வீக்கம் பெரும்பாலும் ஓரிரு நாளில் வடியும். அதற்குப் பிறகு ‘ப்ரில்’ குடும்பத்தில் எதையுமே தொடக்கூடாது. ஆனால் பிறஷர் வைத்தியத்தைக் கைவிடவும் கூடாது, மாற்றுக் குளிசையை வைத்தியர் தீர்மானிப்பார். வீக்கம் தந்த குளிசையின் பெயரைக் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் சிவப்பு மையால் எழுதுவித்துக்கொள்வது, அடுத்த முறை வேறொரு வைத்தியர் மருந்தெழுதும்போது உயிர் காக்கும்.