பெட்டிக்குள்ளே நிற்கும் தூண்கள்
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



தீபாவளிக்கு நாம் அனுப்பிய ஊறுகாய் பாட்டில்களில் பன்னிரண்டு உடைஞ்சு போச்சு. லாரிக்காரரைத்தான் எல்லாரும் திட்டினோம். அப்புறம் நசுங்கின பெட்டியைப் பிரிச்சுப் பார்த்தோம். தப்பு நம்ம பக்கம்தான்.

அட்டையின் ஓரத்தைப் பாருங்க. இரண்டு தாளுக்கு நடுவே அலை அலையாக ஒரு தாள் இருக்கும். இந்த நெளிதாளுக்கு 1856-ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது தொப்பிக்கு உள்ளே வைக்கத்தான்! 1871-ல் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஜோன்ஸ், பாட்டில் உடையாமல் சுற்றி வைக்க இதைக் கொண்டு வந்தார். தாள் ஒட்டாவிட்டால் நெளிவு விரிந்துவிடும். 1874-ல் ஆலிவர் லாங் இரண்டு பக்கமும் தாள் ஒட்டினார். இன்று நம்ம கையில் இருக்கும் மூணு பிளை அட்டை அதுதான். ஐந்து பிளையில் நெளிதாள் இரண்டு.

நெளிவு மேலும் கீழுமாக நிற்கணும். அப்போதான் ஒவ்வொரு நெளிவும் சின்னத் தூண் மாதிரி பாரம் தாங்கும். நாம் பழைய அட்டையை வெட்டி ஒட்டினபோது நெளிவு படுத்துக் கிடந்தது, யாரும் கவனிக்கலை.

பெட்டியின் பலம் மூலையில்தான் அதிகம். அதனால் செங்கல் மாதிரி மாற்றி மாற்றி அடுக்காம, மூலைக்கு நேரே மூலை வையுங்க. ஈரம் பட்டால் அட்டை நொந்துபோகும். வெறும் தரையில் வேண்டாம், பலகை போடுங்க.

பொங்கல் ஆர்டருக்கு ஐந்து பிளை கேட்டிருக்கோம். விலை கூடுதல்தான். மாதிரிப் பெட்டி சனிக்கிழமை வரும். குழுவுக்கு ஒருத்தர் வந்து, மேலே ஏறி நின்று பார்த்துச் சொல்லுங்க.