ஒரே மூட்டையாகக் கட்ட முடியாத கதைகள்

(குறுவள மையக் கூட்டத்தில் நடுநிலை, உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கற்றல் விளைவுகள், மதிப்பீடு, பதிவேடு என்று பேசும் கூட்டத்தில் என்னை அனிமே பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். நான் நிபுணர் இல்லை, ரசிகை. பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன், படிக்கிறேன். எனவே இன்று நான் சொல்லப்போவது ஒரு ரசிகையின் கருத்து. பிடித்ததைப் பிடித்தது என்றும், பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் தேநீர் இடைவேளையில் சண்டை போடலாம்.

முதலில் சொற்கள். ஜப்பானில் அச்சில் வரும் சித்திரக்கதைக்கு மங்கா என்று பெயர். திரையில் அசைந்தால் அது அனிமே. பெரும்பாலும் மங்காதான் முதலில் வரும். அது ஓடினால் அனிமே ஆகும். நாம் இரண்டையும் சேர்த்து 'பொம்மைப் படம்' என்று சொல்லிவிடுகிறோம். சிக்கல் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. பொம்மைப் படம் என்றால் சின்னப் பிள்ளைகளுக்கானது என்று பெற்றோர் எண்ணிக்கொள்கிறார்கள், கைப்பேசியைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போகிறார்கள். ஜப்பானில் மங்கா இதழ்கள் வயது பார்த்து வருபவை. சிறுவர்களுக்கு ஷோனென், சிறுமிகளுக்கு ஷோஜோ, பெரிய ஆண்களுக்குச் செய்னென், பெரிய பெண்களுக்கு ஜோசெய். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் நாற்பது வயது அலுவலருக்கும் தனித்தனி இதழ். இங்கே எல்லாம் ஒரே கைப்பேசியில் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன.

டோரேமான் இதற்கு நல்ல சான்று. 1969 இறுதியில், 1970 ஜனவரி இதழ்களில் தொடங்கிய கதை அது. வெளிவந்த இடம் எது தெரியுமா? ஷோகாகுகான் பதிப்பகம் வகுப்புவாரியாக நடத்திய மாணவர் இதழ்கள். முதல் வகுப்புக்கு ஓர் இதழ், இரண்டாம் வகுப்புக்கு ஓர் இதழ் என்று. ஒரே மாதத்தில் ஒவ்வொரு வகுப்புக்கும் அந்த வயதுக்கு ஏற்ற வேறு வேறு கதையை ஃபுஜிகோ ஃபுஜியோ எழுதினார். நம் பயிற்சிக் கட்டகங்களில் 'நிலைக்கேற்ற பாடப்பொருள்' என்று படிக்கிறோமே, அதேதான். இவ்வளவு மரியாதை கொடுத்துவிட்டு உண்மையையும் சொல்கிறேன்: டோரேமானை என்னால் தொடர்ந்து நான்கு கதைக்கு மேல் பார்க்க முடியாது. நோபிதா அழுவான், கருவி வரும், அதைத் தப்பாகப் பயன்படுத்துவான், மாட்டிக்கொள்வான். மறுபடியும் அழுவான்.

இன்னொன்று, மொழி ஆசிரியர்களுக்காக. சிறுவர் மங்காவில் கடினமான கஞ்சி எழுத்துகளின் பக்கத்திலேயே அவற்றின் ஒலிப்பைச் சிறிய எழுத்தில் அச்சிடுவார்கள். ஃபுரிகானா என்று பெயர். படிக்கத் தெரியாத சொல்லைக் கதையின் வேகத்திலேயே பிள்ளை கடந்து போகிறது, போகும்போதே கற்றும் கொள்கிறது.

இப்படிச் சொல்வதால் ஜப்பானிய ஆசிரியர்கள் மங்காவைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள் என்று எண்ண வேண்டாம். 1955இல் அங்கே 'தீய நூல்களை விரட்டுவோம்' என்று ஓர் இயக்கமே நடந்தது. பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து மங்காக்களைத் தீயிட்டார்கள். ஒசாமு தெசுகாவின் படைப்புகளும் அந்தப் பழியில் சிக்கின. நல்லது எது, மட்டமானது எது என்று பிரித்துப் பார்க்காமல் மொத்தமாகக் கட்டி எரித்தார்கள். இன்று அதே தெசுகாவுக்கு அந்த நாட்டில் அருங்காட்சியகம் இருக்கிறது.

நம் பிள்ளைகளிடம் வருவோம். நருட்டோவைத் தெரியாத எட்டாம் வகுப்பு மாணவன் இன்று குறைவு. தமிழ்க் குரலிலேயே தொலைக்காட்சிக்கு வந்துவிட்டது. மசாஷி கிஷிமோட்டோ 1999 முதல் 2014 வரை எழுதியது. 700 அத்தியாயம், 72 தொகுதி. அதன் தொடக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். அனாதைச் சிறுவன் நருட்டோவை ஊரே ஒதுக்குகிறது. ஊரை அழிக்க வந்த ஒன்பது வால் நரி அவன் உடலுக்குள் அடைக்கப்பட்டிருப்பது பெரியவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது. பெற்றோர் முகம் திருப்புவதைப் பார்த்து அவர்களும் திருப்பிக்கொள்கிறார்கள். ஏன் ஒதுக்குகிறோம் என்று தெரியாமலேயே ஒதுக்கும் பிள்ளைகள். இதை நம்மில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, நம் ஊர்ப் பள்ளிகளில் மதிய உணவு வரிசையைக் கவனிப்பவர்களுக்குத் தெரியும். அவனை முதலில் ஏற்றுக்கொள்பவர் இருகா என்ற ஆசிரியர். அந்த நரியின் தாக்குதலில் தன் பெற்றோரை இழந்தவர் அவர்.

ஆனால் பிற்பாதி? ராக் லீ என்று ஒரு மாணவன் வருவான். மந்திர வித்தை எதுவும் வராது, உடற்பயிற்சி மட்டும்தான். விடாமுயற்சிக்கு அவனை விட நல்ல பாத்திரம் கிடையாது. கதை போகப்போக அவன் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறான். நருட்டோவோ தலைவரின் மகன், அதற்கும் மேலே பெரிய வம்சத்தின் மறுபிறப்பு என்றெல்லாம் வெளிவருகிறது. உழைப்பு வெல்லும் என்று தொடங்கிய கதை பிறப்பு வெல்லும் என்று முடிகிறது. எனக்கு இதில் இன்றுவரை கோபம் தீரவில்லை. அனிமேயில் இரண்டு தொடரும் சேர்த்து 720 எபிசோடு. மங்கா வாரம் ஒரு அத்தியாயம்தான் வரும் என்பதால், அது முன்னேறும் வரை மூலத்தில் இல்லாத கதைகளை இட்டு நிரப்பியிருக்கிறார்கள். பிள்ளைகளே அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ராக் லீக்கு நடந்தது நியாயமா என்று உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். வாய் திறக்காத பையனும் பேசுவான்.

டெத் நோட் பற்றிப் பல பள்ளிகளில் பயம் இருக்கிறது. யார் பெயரை எழுதினாலும் அவர் இறந்துவிடும் ஒரு நோட்டு. சீனாவில் 2015இல் தடை செய்த அனிமே பட்டியலில் இதுவும் இருந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளை பார்க்க வேண்டிய கதை இல்லை என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் நோட்டைப் பற்றியே பேசுகிறோம், அது யார் கையில் கிடைக்கிறது என்று பார்ப்பதில்லை. லைட் யாகாமி நாட்டிலேயே முதலிடம் பெறும் மாணவன். அமைதியானவன், அழகானவன், எந்த ஆசிரியரும் குறை சொல்ல முடியாதவன். குற்றவாளிகளைக் கொல்வதில் தொடங்கி, தன்னைத் தேடுபவர்களையெல்லாம் கொல்கிறான். முதல் மதிப்பெண் வாங்குபவன் நல்லவனாகத்தான் இருப்பான் என்று வீட்டிலும் பள்ளியிலும் எல்லோரும் நம்புவதுதான் அவனுக்குக் கவசம். 12 தொகுதியில் ஏழாவது வரை பிரமாதம். அங்கே எல் என்ற துப்பறிவாளன் இறந்த பிறகு கதை நொண்டுகிறது. இன்னும் பார்க்காதவர்கள் மன்னிக்கவும், சொல்லிவிட்டேன்.

ஆசிரியரையே நாயகனாக வைத்த இரண்டைச் சொல்ல வேண்டும். 'கிரேட் டீச்சர் ஒனிசுகா' 1997 முதல் வந்தது. முன்னாள் ரவுடி ஒருவன் ஆசிரியராகி, யாரும் கரையேற்ற முடியாத வகுப்பைத் தன் வழியில் திருத்துகிறான். பல ரசிகர்களுக்கு இது வேதம். எனக்குப் பிடிக்கவில்லை. ஒனிசுகா ஆசிரியர் ஆவதற்கே பள்ளி மாணவிகள் மேல் இருக்கும் கண்தான் ஒரு காரணம். கதை அதை நகைச்சுவையாக எழுதுகிறது. நல்ல இடங்கள் நிறைய உண்டு. இருந்தாலும் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற என்னால் அந்த நகைச்சுவைக்குச் சிரிக்க முடியாது.

மற்றொன்று யூசெய் மட்சுயியின் 'அசாசினேஷன் கிளாஸ்ரூம்', 2012 முதல் 2016 வரை, 21 தொகுதி. பெயரைக் கேட்டால் பதறும். நிலவைச் சிதைத்த, மஞ்சள் நிற ஆக்டோபஸ் போன்ற ஒரு வேற்று உயிர் வகுப்பாசிரியராக வருகிறது. பட்டமளிப்புக்கு முன் அதை மாணவர்கள் கொன்றாக வேண்டும், இல்லையேல் பூமி அழியும். இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்குள் வைத்திருப்பது 3-இ என்ற வகுப்பை. மதிப்பெண் குறைந்தவர்களைத் தனியாகப் பிரித்து, மலை மேல் இடிந்த கட்டடத்தில் உட்கார வைத்திருக்கிறது பள்ளி. 'ஒழுங்காகப் படிக்காவிட்டால் அங்கே போவாய்' என்று மற்றவர்களை மிரட்டுவதற்காகவே அந்த வகுப்பு நடக்கிறது. தலைமை ஆசிரியர் தெரிந்தே, திட்டமிட்டே நடத்துகிறார். அந்த ஆக்டோபஸ் வாத்தியார் ஒவ்வொரு மாணவனுக்கும் அவன் பலம், பலவீனம் பார்த்துத் தனி வினாத்தாள் எழுதுகிறார். ஒலியைப் போல இருபது மடங்கு வேகம் இருந்தால் நாமும் எழுதலாம்! பக்கத்துக்குப் பக்கம் துப்பாக்கியும் கத்தியும் பிள்ளைகள் கையில் இருப்பது எனக்கு உறுத்தல்தான். ஆனால் 'மெல்லக் கற்போர்' என்று நாம் பட்டியல் எடுத்து, அந்தப் பட்டியலை வகுப்பில் சத்தமாகப் படிக்கும்போது பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன கதை நான் பார்த்ததில்லை.

இப்போது நான் மிகவும் மதிக்கும் கதைக்கு வருகிறேன். யோஷிடோகி ஓய்மா வரைந்த 'கோஎ நோ கடாச்சி'. குரலின் வடிவம் என்று பொருள். ஆங்கிலத்தில் 'எ சைலன்ட் வாய்ஸ்'. ஏழு தொகுதி மங்கா. 2016இல் நவோகோ யமடா இயக்கத்தில் படமானது. ஓய்மாவின் தாய் சைகைமொழிப் பெயர்ப்பாளர். இதன் சிறுகதை வடிவம் பரிசு பெற்ற பிறகும் உடனே அச்சாகவில்லை. காது கேளாதோர் அமைப்பிடம் கலந்து பேசி, 2011இல்தான் இதழில் வெளியிட்டார்கள்.

ஆறாம் வகுப்புக்குக் காது கேளாத மாணவி நிஷிமியா ஷோகோ புதிதாக வருகிறாள். ஒரு நோட்டைக் காட்டி, இதில் எழுதி என்னோடு பேசுங்கள் என்கிறாள். இஷிடா ஷோயா என்ற பையன் அவளைச் சீண்டத் தொடங்குகிறான். காதுக்கருவியைப் பிடுங்கி எறிகிறான். வகுப்பே சிரிக்கிறது. கருவிகள் பல காணாமல் போய், தலைமை ஆசிரியர் வந்து விசாரிக்கும்போது, அதுவரை கண்டுகொள்ளாமல் இருந்த வகுப்பாசிரியர் டகேஉச்சி, 'நீதானே இஷிடா' என்ற பொருளில் எல்லோர் முன்னும் கத்துகிறார். நொடியில் சிரித்த பிள்ளைகள் அனைவரும் சாட்சியாக மாறுகிறார்கள். மறுநாளிலிருந்து இஷிடா ஒதுக்கப்பட்டவன். ஆசிரியரைப் பொறுத்தவரை வழக்கு முடிந்தது.

ரசிகர்கள் பலரும் இதை இஷிடாவின் மீட்சிக் கதை என்று கொண்டாடுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கு முன் வரும் ஒரு சின்ன இடம். கிடா என்ற வேறோர் ஆசிரியை வகுப்புக்கு வந்து, தினமும் காலையில் மூன்று நிமிடம் எல்லோரும் சைகைமொழி கற்கலாம் என்கிறார். நல்ல எண்ணம். உஎனோ என்ற மாணவி எதிர்க்கிறாள். நிஷிமியாவுக்குப் பாடம் எழுதிக் காட்டும் பொறுப்பு நாள் முழுக்க அவள் தலையில்தான் இருந்தது, அவளுக்குச் சலித்துப்போயிருந்தது. சஹாரா என்ற மாணவி மட்டும் நான் கற்கிறேன் என்று கையைத் தூக்குகிறாள். 'நல்ல பிள்ளை வேடம் போடுகிறாள்' என்று மற்றவர்கள் அவளை ஒதுக்க, அவள் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிடுகிறாள்.

உள்ளடக்கிய கல்விப் பயிற்சியில் 'சக மாணவர் உதவி' என்று எழுதிக்கொண்டு வருகிறோம். பக்கத்தில் உட்காரும் ஒரு பெண்பிள்ளையிடம் 'நீ பார்த்துக்கொள்' என்று ஒப்படைத்துவிடுகிறோம். அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகிறது என்று கேட்பதில்லை. நல்லதைச் செய்ய முன்வந்த சஹாராவுக்கு வகுப்பில் பாதுகாப்பு யார் கொடுத்தார்கள்? கிடா டீச்சர் அறிவித்துவிட்டுப் போய்விட்டார். டகேஉச்சி அங்கேயே நின்றுகொண்டிருந்தார். கொடுமை செய்ததாக ஒரே ஒருவன் பெயரைக் குறித்துவிட்டால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்ளலாம் என்பதை அந்த வகுப்புக்குக் கற்றுக்கொடுத்தவர் ஆசிரியர்தான். குறையும் சொல்லிவிடுகிறேன். ஏழு தொகுதியை ஒரு படத்தில் அடைத்ததால் சஹாராவும் உஎனோவும் படத்தில் மெலிந்துவிட்டார்கள். மங்காவில்தான் அவர்கள் முழுதாக இருக்கிறார்கள்.

இன்னொரு நூல், 'வெறுங்கால் ஜென்'. ஆறு வயதில் ஹிரோஷிமா அணுகுண்டில் தப்பிப் பிழைத்த கெய்ஜி நகசாவா, 1973 முதல் வரைந்தது. போரை எதிர்த்ததற்காக ஊரால் துரோகி எனப்பட்ட தந்தை. வீட்டு இடிபாட்டில் சிக்கி, கண்ணெதிரே எரிந்துபோகும் தந்தையும் உடன்பிறப்புகளும். அது நகசாவாவின் சொந்த வாழ்வைத் தழுவிய கதை. ஓவியம் முரட்டுத்தனமானது, சில பக்கங்களைத் திருப்பவே கை வராது. 2012 டிசம்பரில் மட்சுஏ நகரக் கல்வி வாரியம் இதைப் பள்ளி நூலகங்களில் திறந்த அலமாரியிலிருந்து எடுக்கச் சொன்னது. அடுத்த ஆகஸ்டில் செய்தி வெளியாகிப் பெரும் எதிர்ப்பு எழ, அந்த மாதமே திரும்பப் பெற்றது. 2023இல் ஹிரோஷிமா நகரமே தன் அமைதிக் கல்விப் பாடத்திலிருந்து இதை நீக்கியது. நோயுற்ற தாய்க்காக ஜென் பணக்கார வீட்டுக் குளத்தில் மீன் திருடும் காட்சி இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது, தவறாகவும் எடுத்துக்கொள்ளலாம் என்பது சொன்ன காரணங்களில் ஒன்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. பசியில் திருடுவது தவறா என்று கேட்டால், பதில் சொல்ல நம் பிள்ளைகளுக்குத் தெரியும்.

நேரம் ஆகிவிட்டது. எதைக் காட்டலாம் என்று பலர் கேட்டதால் சுருக்கமாக. தொடக்க வகுப்புக்கு மியாசாகியின் 'மை நெய்பர் டோடோரோ', 1988. ஒன்றரை மணி நேரம் கூட ஆகாது. வில்லனே இல்லாத படம், சின்னப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். அதே நாளில் ஜப்பானில் சேர்த்துத் திரையிட்ட 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்' போரில் அநாதையான அண்ணன் தங்கை கதை. அதைச் சிறு பிள்ளைகளுக்குக் காட்டவே கூடாது. வேளாண் பாடப்பிரிவு நடத்துபவர்கள் ஹிரோமு அரகாவாவின் 'சில்வர் ஸ்பூன்' பாருங்கள். நகரத்தில் படிப்பில் தோற்றுப்போன பையன் வேளாண் பள்ளிக்கு வந்து, ஒரு பன்றிக்குட்டிக்குப் பெயர் வைத்து வளர்த்து, கடைசியில் அதன் இறைச்சியைத் தானே விலைக்கு வாங்குகிறான். அரகாவா பால் பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்தவர், எதையும் மழுப்பவில்லை.

'எ சைலன்ட் வாய்ஸ்' ஒன்பதாம் வகுப்புக்கு மேல் மட்டும். தற்கொலை எண்ணம் படத்தின் முதல் காட்சியிலேயே இருக்கிறது, பின்னாலும் ஒரு முறை வருகிறது. எனவே திறன் வகுப்பறையில் போட்டுவிட்டு மதிப்பெண் பதிவேட்டை எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். நீங்கள் முன்பே ஒரு முறை தனியாகப் பார்த்திருக்க வேண்டும். படம் இரண்டு மணி பத்து நிமிடம். இரண்டு பாடவேளை போதாது, தலைமை ஆசிரியரிடம் கூடுதலாகக் கேளுங்கள். கடைசிப் பாடவேளை, பிள்ளைகள் பேசுவதற்கு.