வால்வின் சுருள்வில்



எங்கள் திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள் உண்டு. மெல்ல இறங்குவோரின் பாதம் ஒவ்வொரு படியிலும் படிகின்றது. ஓடி இறங்கும் சிறுவனின் பாதமோ சில படிகளைத் தொடாமலே தாண்டி, எதிர்பாராப் படியில் தொப்பென்று விழுகின்றது. விரைந்தோடும் மோட்டார் எஞ்சினுள்ளும் இதுவே நிகழக்கூடும்.

எஞ்சினின் வால்வைத் திறப்பது கேம் என்னும் புடைப்புள்ள உறுப்பு, மூடுவது சுருள்வில். கிராங்க் தண்டு நிமிடத்திற்கு 6000 முறை சுழலும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில், வால்வு நொடிக்கு 50 முறை திறந்து மூடுகின்றது. வேகம் இருமடங்கானால், வால்வைக் கேமின் போக்கிலேயே நிறுத்தி வைக்க வேண்டிய விசை நான்கு மடங்காகும். அவ்விசையை வில் தர இயலாதபோது வால்வு கேமை விட்டு விலகி மிதக்கும். மூட வேண்டிய நேரத்தில் திறந்திருக்கும். மேலேறி வரும் பிஸ்டன் அதனை மோதினால், எஞ்சின் பாழ்.

நான் கல்லூரியில் பயின்ற காலத்தில் சோழவரத்து விமான ஓடுதளத்தில் மோட்டார் பந்தயங்கள் நடைபெற்றன. அங்கு முழங்கிய எஞ்சின்கள் பல இந்த வரம்பை நெருங்கியே ஓடியிருக்கும்.

“அப்படியாயின் மிகக் கடினமான வில்லையே பொருத்தினால் என்ன, ஐயா?” என்றான் என் பழைய மாணவன் ஒருவன். கேட்டதோடு நில்லாமல், தன் மோட்டார் சைக்கிளில் பொருத்தியும் விட்டான். சில மாதங்களில் கேமின் முகடு தேய்ந்து போயிற்று. வேகமும் கூடவில்லை, உராய்வு கூடிற்று. கணக்கில் கெட்டிக்காரன்தான், அன்று அளவுகோலை எடுக்க மறந்தான்.

அவன் அளந்திருக்க வேண்டியவை, வால்வு மூடியிருக்கையில் வில்லின் உயரமும் அழுத்தமும், முழுதும் திறந்தபின் உள்ள அழுத்தமும் ஆகும். முழுதும் திறந்த நிலையிலும் சுருள்களிடையே சிறிது இடைவெளி எஞ்சவேண்டும். சுருளோடு சுருள் முட்டினால், ஏதேனும் ஒன்று வளையும் அல்லது உடையும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஒவ்வொரு வில்லுக்கும் தனக்கே உரிய அதிர்வெண் இருக்கின்றது. கேமின் தாளம் அதனோடு இசைந்துவிட்டால், காலமறிந்து உந்திய ஊஞ்சல் போல் வில் தானே அலைபாயும். ஆகவேதான் வேக எஞ்சின்களில் ஒன்றனுள் ஒன்றாக இரண்டு விற்களை வைக்கின்றனர். அவற்றின் அதிர்வெண்கள் வெவ்வேறு; ஒன்றன் சுருள் மற்றதன் இடுக்கில் சிக்காதபடி எதிரெதிர்த் திசையில் சுற்றப்பட்டவை. வால்வின் எடையைக் குறைத்தால் மென்மையான வில்லே போதும். இதனைப் பலர் எண்ணுவதில்லை.

1954-இல் மெர்சிடிஸ் பந்தயக் கார் வில்லையே துறந்து, மூடுவதற்கும் கேமையே பயன்படுத்திற்று. 1986-இல் ரெனால்ட் நிறுவனம் தன் பந்தய எஞ்சினில் வில்லுக்குப் பதிலாக அழுத்தப்பட்ட வாயுவை அமைத்தது.

நம் மாணவனுக்கு அவ்வளவு தேவையில்லை. புதிய கேமுக்கு ஏற்ற இரட்டை வில்லை வாங்கி, அளவுகளைத் தாளில் எழுதிக் கொண்டுவந்து காட்டினான். முழுதும் திறந்த நிலையில் எஞ்சும் இடைவெளிக்குரிய இடம் மட்டும் வெறுமையாய் இருந்தது. அளந்து வருமாறு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.