வீடு வாடகைக்கு



சென்னைத் தெருக்களில் நடந்து செல்வோர் அனைவரும் கண்டிருக்கும் அறிவிப்பு ஒன்று உண்டு. இரும்புக் கம்பிக் கதவில் ஒரு சிறு தகரப் பலகை தொங்கும். அதில் 'வீடு வாடகைக்கு' என்று எழுதி, கீழே ஒரு தொலைபேசி எண்ணும் குறித்திருப்பர். அறைகள் எத்தனை, குழாயில் நீர் வருமா, வாடகை எவ்வளவு என்னும் செய்தி எதுவும் அப்பலகையில் இராது. நெடுங்காலம் அவற்றை எழுத வேண்டிய தேவையும் எழவில்லை. வீடு தேடுவோர் பலர்; வீடுகளோ சில.

அக்காலத்தில் வீடு எத்துணை அரிய பொருளாய் இருந்தது என்பதற்குச் சட்டமே சான்று. சென்னை மாகாணத்தில் 1946இலும் 1949இலும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் பிறந்தன. பின்னர் 1960ஆம் ஆண்டின் 18ஆம் சட்டம் அவற்றின் இடத்தைப் பெற்றது. அச்சட்டப்படி, சில விலக்குகள் நீங்கலாக, வீடு காலியானதும் உரிமையாளர் ஏழு நாளுக்குள் அதற்கென அமைந்த அதிகாரிக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். அரசு விரும்பினால் தன் ஊழியருக்கென அதனை எடுத்துக்கொள்ளலாம். அறிவித்தாலே பறிபோகக் கூடிய பொருளுக்கு எவரேனும் விளம்பரம் செய்வரோ? அந்தச் சட்டம் இன்று இல்லை. உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்புக்கு வந்துவிட்டது.

நகரும் மாறிவிட்டது. மேடவாக்கத்திலும் பெரும்பாக்கத்திலும் பழைய மாமல்லபுரம் சாலையின் இருமருங்கிலும் அடுக்குமாடிகள் எழுந்து நிற்கின்றன. ஒரே கட்டடத்தில், ஒரே அளவில், ஒரே நேரத்தில் பல வீடுகள் காலியாக இருப்பது இன்று புதுமையன்று. வீடு தேடுவோர் தெருவில் இறங்குமுன் கைபேசியிலேயே இருபது வீடுகளைப் பார்த்து விடுகின்றனர். ஆதலின் வீட்டை வாடகைக்கு விடுதல் என்பது இப்போது ஒரு தனித் தொழில் ஆகியிருக்கிறது. நாலைந்து பேரை வைத்துக்கொண்டு இத்தொழிலை நடத்தும் சிறு நிலையங்கள் பேட்டைதோறும் உள்ளன. அத்தகைய நிலையம் ஒன்றினை நடத்துவோருக்குக் கவலைகள் இரண்டு. வீட்டுக்கு ஆள் தேட வேண்டும். உடன் உழைப்போரின் ஊக்கம் குன்றாமல் காக்க வேண்டும். இவ்விரண்டையும் வெவ்வேறாகக் கருதுவோரே மிகுதி. எனக்கோ அவை ஒரே கவலையின் இரு பெயர்களாகவே தோன்றுகின்றன.

முதலில் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். மாதம் 20,000 ரூபாய்க்கு உடனே போகக்கூடிய வீடு ஒன்று உள்ளது. உரிமையாளர் 22,000 ரூபாய்க்குக் குறையேன் என்கிறார். இரண்டு மாதம் காத்திருந்து அத்தொகைக்கே விட்டு விடுகிறார் என்று கொள்வோம். வென்றவர் போல் அவர் மகிழலாம். ஆனால் காலியாய்க் கிடந்த இரண்டு மாதத்தில் 40,000 ரூபாய் போயிற்று. மாதம் 2,000 ரூபாய் கூடுதலாகப் பெற்று அந்த இழப்பை ஈடுசெய்ய இருபது மாதங்கள் ஆகும். நம் நாட்டு வழக்கமோ பதினொரு மாத ஒப்பந்தம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் கூறுவதால் எழுந்த வழக்கம் அது. ஒப்பந்தம் எத்தனை மாதத்திற்காயினும் எழுத்தில் அமைந்து, வாடகை அதிகார அமைப்பில் பதிவு பெற வேண்டும் என்பது புதிய சட்டத்தின் விதி. எனினும் பதினொன்று என்னும் எண் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. பதினொரு மாதம் இருந்து போகிறவரிடம் இருபது மாதக் கணக்கை எவ்வாறு தீர்ப்பது? இக்கணக்கை ஒரு தாளில் எழுதி உரிமையாளரின் முன் வைப்பதே தரகரின் முதற் கடமை. பலர் இதனைச் செய்வதில்லை. வீடு கைவிட்டுப் போய்விடுமோ என்று அஞ்சி, "நீங்கள் சொன்ன தொகைக்கே முடித்துத் தருகிறோம்" என்று தலையாட்டி விட்டு வருவர். பிறகு வெயிலில் படி ஏறி இறங்குபவன் அந்நிலையத்து இளைஞன்.

முன்பணமும் இத்தகையதே. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையின் பழைய பழக்கம். வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் பெறலாகாது என்பது 2017ஆம் ஆண்டுச் சட்டம். 20,000 ரூபாய் வாடகைக்குப் பத்து மாதமென்றால் இரண்டு இலட்சம். மூன்று மாதமென்றால் அறுபதாயிரம். மாதந்தோறும் தவறாமல் வாடகை தரக்கூடிய குடும்பங்களுள் எத்தனை, இரண்டு இலட்சத்தை ஒரே நாளில் எடுத்து வைக்கும்? வண்ண விளம்பரங்கள் பல செய்வதைக் காட்டிலும், உரிமையாளரை மூன்று மாதத்திற்கு இணங்கச் செய்வது வாயிலுக்கு வருவோர் தொகையைப் பெருக்கும்.

இனி விளம்பரத்தின் சொற்களுக்கு வருவோம். 'விசாலமான, காற்றோட்டமான, அமைதியான' என்னும் சொற்கள் எல்லா வீட்டுக்கும் எழுதப்பட்டு எந்த வீட்டுக்கும் பொருந்தாமற் போய்விட்டன. வீடு தேடும் இல்லத்தரசி கேட்பது வேறு. 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறத்தாழ வற்றிப்போக, லாரியை எதிர்பார்த்துக் குடங்களுடன் நின்ற நகரம் இது. ஆகவே, "கிணறு உண்டா? ஆழ்குழாய் நீர் உப்பா? மெட்ரோ நீர் நாள்தோறும் வருமா?" என்று அவர் கேட்கிறார். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு, சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் முடிச்சூரிலும் வீடுகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பர்ப் புயலில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நீரில் மிதந்தன. ஆகவே, "மழைக்குத் தெருவில் நீர் நிற்குமா?" என்றும் கேட்கிறார். இவற்றுக்கு விடை கூறும் விளம்பரமே விளம்பரம். படம் எடுக்கும்போதும் வரவேற்பறையை மட்டும் நான்கு கோணங்களில் எடுப்பதை விட, அடுப்படி மேடை, துணி உலர்த்தும் இடம், மாடிப்படி, வண்டி நிறுத்தும் இடம் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினால், பொருந்தாதவர் வீட்டிலிருந்தே விலகிவிடுவர். வருவோர் தொகை குறையும். ஆனால் வருபவர் எடுப்பவராக இருப்பர்.

"என் வீட்டில் வெள்ளம் வந்ததை நீரே ஊருக்குச் சொல்லலாமா?" என்று உரிமையாளர் சினந்து கேட்கக்கூடும். அவருக்குச் சொல்ல ஒரு விடை உண்டு. ஜார்ஜ் அகர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970இல் பழைய மோட்டார் வண்டிச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. விற்பவனுக்குத் தெரிந்த குறை வாங்குபவனுக்குத் தெரியாதபோது, வாங்குபவன் எல்லா வண்டியையும் ஐயுற்று எல்லாவற்றுக்கும் குறைந்த விலையே கேட்பான். நல்ல வண்டி வைத்திருப்பவன் சந்தையை விட்டே விலகுவான் என்பது அவர் காட்டிய உண்மை. வீட்டுத் தரகிலும் நாம் காண்பது அதுவே. தரகர் சொல்வதில் பாதி பொய் என்று எண்ணுகிறவர் நல்ல வீட்டுக்கும் பேரம் பேசுகிறார். "2015இல் முழங்கால் அளவு நீர் வந்தது, பின்னர்த் தரையை இரண்டடி உயர்த்தியிருக்கிறார்கள்" என்று சொல்லும் நிலையத்தின் ஏனைய சொற்களும் நம்பப்படும். மறைத்தாலும் முதல் மழையில் வெளிப்படுவதுதானே அது? குடிவந்தவர் அந்த ஆண்டே வெளியேறுவார். உரிமையாளருக்கு மீண்டும் காலி வீடு. நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளை வணிகருக்கென ஒதுக்கி, பிறர் பொருளையும் தம் பொருள் போல் பேணுதலை வள்ளுவர் வணிகமாக்கினார். தரகன் கையாளும் பொருள் முழுவதுமே பிறருடையது அன்றோ?

சரி, இதனை வாயால் சொல்ல வேண்டியவர் யார்? நிலையத்தின் தலைவர் அல்லர். சாவியுடன் முன்னே நடந்து சென்று கதவைத் திறக்கும் இளைஞனோ இளம்பெண்ணோதான். அவர்களுக்கு நாம் ஊதியம் கொடுக்கும் முறையைச் சற்றுப் பாருங்கள். வீடு முடிந்தால் ஒரு மாத வாடகை தரகு. அதில் ஒரு பங்கு அவருக்கு. முடியாவிட்டால் ஒன்றுமில்லை. சித்திரை வெயிலில் ஐந்து குடும்பங்களுக்கு ஐந்து வீடுகளைக் காட்டியும் ஒருவரும் எடுக்கவில்லையென்றால் அன்றைய பெட்ரோல் செலவும் அவர் தலையில். இந்நிலையில் இருப்பவரிடம், "உண்மையைச் சொல்" என்று உபதேசிப்பது எளிது. முதல் தேதி அரிசிக்குப் பணம் வருமா என்று அறியாதவர், "அம்மா, இந்த வீடு உங்களுக்கு ஏற்றதன்று, அடுத்த தெருவில் ஒன்று வருகிறது, பத்து நாள் பொறுங்கள்" என்று எப்படிச் சொல்வார்? ஆகவே குறைந்த அளவிலேனும் நிலையான மாதச் சம்பளம் முதலில் வேண்டும். பங்கு அதற்கு மேல்.

பங்கும் வீட்டை முடித்தவருக்கே முழுவதும் போதல் நன்றன்று. அவ்வாறு செய்த நிலையங்களில் சாவிகள் ஆணியில் தொங்குவதில்லை. சட்டைப் பைகளில் ஒளிந்திருக்கும். உரிமையாளரின் எண்ணை ஒருவர் மற்றவருக்குத் தரமாட்டார். வீட்டைக் கண்டு கொண்டுவந்தவர், காட்டியவர், ஒப்பந்தம் எழுதிக் குடியேற்றி வைத்தவர் என மூவருக்கும் பிரித்தால் சாவி ஆணிக்குத் திரும்பும். எவ்வளவு வீதம் என்பதை அந்தந்த நிலையத்தாரே கூடிப் பேசி முடிவு செய்யட்டும். கூடிப் பேசுவதே பாதிப் பயன்.

பணம் மட்டும் போதுமோ என்றால் போதாது. 1959இல் பிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்பவர் தம் தோழர் இருவருடன் ஓர் ஆய்வு நூல் வெளியிட்டார். பிட்ஸ்பர்க் நகரத்துப் பொறியியலாளரும் கணக்காளருமாக ஏறத்தாழ இருநூறு பேரை அணுகி, வேலையில் எப்போது மகிழ்ந்தீர், எப்போது வெறுத்தீர் என்று கேட்டு எழுதிய நூல். வெறுப்புக்குக் காரணமாகப் பெரிதும் மேலாட்சி, அலுவலக விதிகள், ஊதியம் முதலியவற்றைக் கூறினர். மகிழ்ச்சிக்கோ செய்து முடித்த செயலையும், அதனைப் பிறர் அறிந்து பாராட்டியதையும், தம்மிடம் ஒப்படைத்த பொறுப்பையும் கூறினர். அவர் ஆய்வு முறையைப் பின்வந்த அறிஞர் குறைகூறியதுண்டு. ஆயினும் ஐந்து பேர் உள்ள நிலையத்திற்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு தெருவையோ ஓர் அடுக்குமாடியையோ ஓர் இளைஞனிடம் முழுமையாக ஒப்படைத்துப் பாருங்கள். எந்த வீட்டில் மின்விசிறி ஓடவில்லை, எந்தக் காவலாளி இரவு பத்து மணிக்குக் கதவைச் சாத்துவார், எந்தக் குடும்பம் வைகாசியில் மாறிப் போகிறது என்பதெல்லாம் சில மாதங்களில் அவன் விரல் நுனியில் இருக்கும். ஓட்டாள் என்ற நிலை நீங்கி, அத்தெருவுக்கு உரியவன் ஆகிவிடுகிறான்.

இளையோரின் ஊக்கத்தை அரிப்பது வெயிலும் படிகளும் அல்ல. "இன்ன சாதியாருக்கு இல்லை, இன்ன மதத்தாருக்கு இல்லை, அசைவம் உண்போருக்கு இல்லை, தனியாக வாழும் பெண்ணுக்கு இல்லை" என்று உரிமையாளர் கூறும் இல்லைகளைச் சுமந்து சென்று, எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதுதான் அவர்களை ஒடிக்கிறது. அவர்களுள் பலருக்கே அந்த 'இல்லை' பொருந்தும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். இச்சுமையை இளையோர் தோளில் வைத்தல் தகாது. வீட்டை ஏற்குமுன்பே, வாடகை தரும் ஆற்றலும் வீட்டைப் பேணும் பழக்கமும் தவிர வேறெதையும் எங்கள் நிலையம் கேட்டுச் சொல்லாது என்று தலைவரே உரிமையாளரிடம் கூறிவிட வேண்டும். சில வீடுகள் கைவிட்டுப் போகும். போகட்டும். மனை விற்பனைத் தரகர் பதிவு பெற 2016ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. வாடகைத் தரகுக்கு அச்சட்டத்தின் பதிவு இல்லை. நற்பெயர் ஒன்றே இங்கு உரிமச் சீட்டு.

ஆடி மாதத்தைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர் பெரும்பாலும் வீடு மாறுவதில்லை. பள்ளி திறக்குமுன் ஓடியாடிய நிலையம் ஆடியில் ஓய்ந்து கிடக்கும்; சிலர் அம்மாதம் ஆளைக் குறைத்துச் சம்பளத்தை மிச்சப்படுத்துவர். கைதேர்ந்த பணியாளர் வேறிடம் தேடிப் போவது இந்த மாதத்தில்தான். உண்மையில் ஆடி, வேலைக்கு உரிய மாதம். காலி வீடுகளில் ஒழுகும் குழாயை மாற்றலாம். சுவருக்கு வெள்ளையடிக்க உரிமையாளரை இணங்கச் செய்யலாம். படங்களைப் புதிதாக எடுக்கலாம். ஏற்கெனவே குடியேற்றிய வீடுகளுக்குச் சென்று, "கூரை கசிகிறதா, தண்ணீர் ஒழுங்காக வருகிறதா?" என்று கேட்டு வரலாம். தரகு வாங்கியபின் தரகர் ஒருவர் மீண்டும் வாயிலில் நின்று நலம் கேட்பதைக் கண்டு திகைக்கும் குடும்பங்கள் உண்டு! அவர்கள் தம் அலுவலகத் தோழருக்கு வீடு வேண்டும்போது எந்த நிலையத்தின் எண்ணைக் கொடுப்பார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. குடும்பம் நிலைத்திருக்கிறது என்று கேட்டறிந்து வரும் இளைஞனுக்கும் அது ஒரு கூலி. தான் முடித்த வேலை முடிந்தபடியே நிற்பதை அவன் கண்ணால் காண்கிறான்.

பின்னர் ஆவணி பிறக்கும். முகூர்த்த நாளில் விடியுமுன் பால் காய்ச்ச வருவார்கள். அதற்கு முந்தின மாலையே அந்தத் தெருவுக்கு உரியவன் போய், எல்லாக் குழாய்களையும் திறந்து பார்த்து, விளக்குகளைப் போட்டுப் பார்த்து, மின்சார மீட்டரில் உள்ள எண்ணை உரிமையாளரும் குடிவருபவரும் காணக் குறித்து, இருவரிடமும் கையொப்பம் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டு வருவான்.